நீல வால் எலிகள்

எங்கள் ஆராய்ச்சி நிறுவனத்தில் எலி மாமாவைத் தெரியாதவர் கிடையாது. அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் அவருக்கே ஞாபகம் இருக்குமா என்று நாங்கள் கேலி செய்வோம். கட்டடத்தின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் அனிமல் ஹவுஸைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. கூண்டு கழுவுவார், மரத்தூள் மாற்றுவார், தீனி வைப்பார், தண்ணீர்ப் புட்டியின் மூக்கு அடைத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார். காலையில் உள்ளே போனால் சாயங்காலம் வரைக்கும் பேச்சுத் துணை எலிகள்தான். அவை பதில் பேசாததை அவர் பெரிய குறையாக நினைத்ததில்லை. "வீட்டுச் சுவரும்தான் பதில் பேச மாட்டேங்குது, அதுக்காக வீட்டுக்குப் போகாம இருக்க முடியுதா?" என்பார்.

வீட்டில் யாரும் இல்லை. மகளின் பிரசவத்துக்கு ஒத்தாசையாக இருந்துவிட்டு வருகிறேன் என்று மனைவி வேறு ஊருக்குப் போனார். பேரன் பிறந்தான், தவழ்ந்தான், இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அந்த அம்மா இன்னும் வந்துகொண்டே இருக்கிறார். சண்டை சச்சரவு எதுவும் இல்லை. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இவரும் அங்கே போய் இருக்கலாம்தான், ஆனால் அந்த வீட்டில் இன்னொரு கட்டில் போட இடம் கிடையாது. தினமும் போன் வரும். சாப்பிட்டீங்களா என்று அவர் கேட்பார், ஆச்சு என்று இவர் சொல்வார். என்ன சாப்பிட்டீங்க என்று கேட்பதற்குள் அந்தப் பக்கம் பேரன் எதையாவது போட்டு உடைத்திருப்பான்.

அவர் என்ன சாப்பிட்டார் என்று எனக்குத் தெரியும். தெருமுனைக் கடையில் எண்ணெயில் பொரித்த எது மிச்சம் இருக்கிறதோ அது. தனக்கு ஒருவனுக்காக அடுப்பைப் பற்ற வைத்து, சமைத்து, பாத்திரம் தேய்த்து வைக்க அவருக்கு மனசு வரவில்லை. பொட்டலத்தைப் பிரித்து, தொலைக்காட்சியைப் போட்டு, அதன் முன்னால் உட்கார்ந்து தின்றுவிட்டு அப்படியே சாய்ந்துவிடுவார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதே கட்டடத்தின் முதல் மாடியில் ஸ்லைடு வெட்டுகிறவள் நான். ஆராய்ச்சி முடிந்ததும் எலிகளின் கல்லீரல் என் மேஜைக்கு வரும். அதை மெழுகில் பதித்து, வெங்காயத்தின் உள்தோலை விட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றிக் கொடுப்பேன். நல்ல ஈரல் மைக்ரோஸ்கோப்பில் இளஞ்சிவப்பாக, இடைவெளி இல்லாமல் தெரியும். கொழுப்பு ஏறிய ஈரலில் வெள்ளை வெள்ளையாக ஓட்டைகள். அந்தக் கொழுப்பு அங்கே இருக்காது, நாங்கள் ஊற்றுகிற ரசாயனத்தில் கரைந்து போய்விடும். அது இருந்த இடம்தான் வெறுமையாகத் தெரியும். வந்த புதிதில் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். இப்போது பார்த்தால் கொட்டாவிதான் வருகிறது.

மூலிகை ஆராய்ச்சி என்றால் எனக்கு அவ்வளவாக மதிப்பு கிடையாது. வருஷத்துக்கு ஒருவர் ஏதாவது ஒரு செடியைத் தூக்கிக்கொண்டு வருவார். வேர், பட்டை, விதை, பூ என்று எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. எல்லாமே எலிக்கு நல்லது என்றுதான் முடியும், மனுஷனுக்கு நல்லதா என்று கேட்டால் மேற்கொண்டு ஆராய வேண்டும் என்பார்கள். குணமான எலியும் செத்துத்தான் என் மேஜைக்கு வருகிறது, குணமாகாத எலியும் செத்துத்தான் வருகிறது. இதில் நான் யாருக்காகக் கை தட்டுவது?

அந்த வருஷம் கீழாநெல்லியோடு ஒரு பெண் வந்து சேர்ந்தாள். முனைவர் பட்டத்துக்கான ஆராய்ச்சி. கொண்டையில் பேனாவைச் செருகிக்கொண்டு, செடி நிரம்பிய சாக்கைத் தானே படியில் இழுத்துக்கொண்டு வந்தாள். மொட்டை மாடியில் நிழலில் காய வைத்தாள், அரைத்தாள், ஊற வைத்தாள், வடிகட்டினாள், ஒரு மாசத்துக்குக் கட்டடம் முழுக்கப் பச்சை வாடை. எலி மாமா முதல் நாளே அவளை டாக்டரம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

"இன்னும் ஆகலை மாமா. ஆனப்புறம் கூப்பிடுங்க."

"ஆகத்தானே போறீங்க. நான் இப்பவே பழகிக்கறேன்."

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றிலிருந்து மாலை டீ அவரோடுதான். அனிமல் ஹவுஸ் வாசல் படியில் ஆளுக்கொரு கப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். யாரோ தன்னை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதில் ஒரு மனுஷனுக்கு இவ்வளவு இருக்கிறதா என்று தோன்றும்.

அவளுடைய ஆராய்ச்சி சிக்கலானது இல்லை. எலிகளை மூன்று கூட்டமாகப் பிரித்தாள். ஒரு கூட்டத்துக்குச் சாதாரணத் தீனி, வாலில் கறுப்பு மை. மற்ற இரண்டு கூட்டத்துக்கும் கொழுப்பு கலந்த தீனி, ஈரலில் கொழுப்பு ஏறுவதற்காக. அதில் சிவப்பு வால் எலிகளுக்குத் தினமும் காலையில் மழுங்கிய முனைக் குழாயால் கீழாநெல்லிச் சாற்றை வாயில் இறக்குவாள். நீல வால் எலிகளுக்கு அதே குழாயில் வெறும் தண்ணீர். கடைசியில் நீலத்தையும் சிவப்பையும் ஒப்பிட்டால் இலை வேலை செய்ததா என்று தெரிந்துவிடும். எந்த எலி எவ்வளவு தின்றது என்று கணக்கு வேண்டும் என்பதால் ஒரு கூண்டுக்கு ஒரு எலிதான்.

அந்த ஏற்பாடு எலி மாமாவுக்குப் பிடிக்கவில்லை. எலி கூட்டமாக இருக்கிற பிராணி, தனியாக விட்டால் ஒரு மூலையில் சுருண்டு கிடக்கும் என்று முணுமுணுத்தார். அதிலும் நீல வால்களின் கூண்டு முன்னால் கூடுதல் நேரம் நின்றுவிடுவார். கொழுப்பைத் தின்று, மருந்தும் இல்லாமல், கூண்டுக்குள் சொகுசாகச் சாகக் காத்திருக்கின்றன என்பார்.

இந்தச் சமயத்தில்தான் ஊழியர்களுக்கு உடல் பரிசோதனை நடந்தது. அவர் ஸ்கேன் எடுத்துவிட்டு நேராக என் அறைக்கு வந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது, ஆனாலும் பேச்சில் குசும்பு போகவில்லை.

"தங்கச்சி, எனக்கும் நீல வாலுக்கும் ஒரே வியாதி. ஃபேட்டி லிவராம். ரெண்டாம் கட்டமாம்."

"டாக்டர் என்ன சொன்னார் அண்ணே?"

"எண்ணெய்ப் பண்டத்தை நிறுத்தணும். தினமும் வேகமா நடக்கணும். இப்ப விட்டா அப்புறம் ஈரல் கல்லாயிடும்னு பயமுறுத்தறார்."

"பயமுறுத்தலை, இருக்கறதைச் சொல்றார். மாத்திரை?"

"ஒண்ணும் எழுதலை. காசு வாங்கிட்டு நடன்னு சொல்றாரு, இதுக்கு டாக்டர் எதுக்கு?"

நடங்களேன், அதில் என்ன கஷ்டம் என்றேன். அவர் என் மேஜை விளிம்பில் காய்ந்து ஒட்டியிருந்த மெழுகை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "யாரோட நடக்கறது?" என்றார்.

எனக்கு வீட்டில் மாமியார், கணவர், சதா அடித்துக்கொள்ளும் இரண்டு பையன்கள். பத்து நிமிஷம் தனியாக நடக்க விடமாட்டார்களா என்று ஏங்குகிறவள் நான். இப்படி ஒரு தடை இருக்க முடியும் என்பதே என் புத்திக்கு எட்டியதில்லை. வீட்டம்மாவிடம் சொன்னீங்களா என்று கேட்டேன். "சொன்னா கிளம்பி வந்துடுவா. அப்புறம் அந்தப் பிள்ளையை யார் பாக்கறது?" என்றார். மனைவி வரவேண்டும் என்ற ஆசையும், வரவழைத்தால் தப்பு என்ற எண்ணமும் சேர்ந்து அந்த மனுஷனின் வாயை அடைத்துவிட்டன.

நடப்பதற்குப் பதிலாக இலையைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், சாக்கடை ஓரத்தில் கீழாநெல்லி தானாகவே மண்டிக் கிடந்தது. அதைப் பிடுங்கி, கழுவி, அரைத்து, காலையில் வெறும் வயிற்றில் குடிக்க ஆரம்பித்தார். பல்லெல்லாம் பச்சையாக வந்து நின்றபோது டாக்டரம்மா கண்டுபிடித்துவிட்டாள்.

"மாமா, என்ன பண்றீங்க நீங்க? இது எலிக்கே சரியா வருமான்னு இன்னும் தெரியலை. அளவு தெரியாம எதைக் குடிச்சாலும் அதே ஈரல்தான் அதையும் சமாளிக்கணும்."

"நீங்க கண்டுபிடிச்சு சொல்ற வரைக்கும் கொஞ்சமா குடிக்கறேன்மா. சரியா வரும்னு நீங்க சொல்லிட்டா நிறைய குடிக்கறேன்."

"நான் சரியா வராதுன்னு சொன்னா?"

அவர் தண்ணீர்ப் புட்டிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து அந்த ஆராய்ச்சி அவளுக்குப் பட்டம், அவருக்கு உயிர். டீ குடிக்கும்போதெல்லாம் நம்ம இலை எப்படிம்மா இருக்கு என்று கேட்பார். முடியட்டும் மாமா, அவசரப்படாதீங்க என்பாள். ஒரு நாள் அவள், நீல வால் எலிங்க எடை ஏறவே மாட்டேங்குது, தீனியில ஏதாவது கோளாறா இருக்குமோ என்று புலம்பியதை நானே கேட்டேன். எலி மாமா தீனி மூட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு என்றார்.

ஆராய்ச்சி முடியும் நாளில் எல்லா எலிகளையும் கொன்று ஈரலை எடுப்பார்கள். எந்த ஆராய்ச்சியானாலும் அந்த நாளில் எலி மாமா லீவு போட்டுவிடுவார், அதை யாரும் கேட்பதில்லை. மறுநாள் வந்து காலிக் கூண்டுகளைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார்.

ஈரல்கள் என் மேஜைக்கு வந்தன. நான் மெழுகில் பதித்தேன், வெட்டினேன், சாயம் ஏற்றினேன். டாக்டரம்மா மைக்ரோஸ்கோப்பின் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தாள். முதலில் சிவப்பு வால். ஓட்டைகள் குறைவாகத்தான் இருந்தன. என்னைத் திரும்பிப் பார்த்து, அக்கா, வேலை செய்யுது என்று சிறு பிள்ளை மாதிரிச் சிரித்தாள். பிறகு நீல வால் ஸ்லைடை வைத்தாள். இன்னொன்றை வைத்தாள். அடுத்ததை வைத்தாள். அவள் தோள்கள் இறங்கிக்கொண்டே வந்தன. நீல வால் ஈரல்களிலும் ஓட்டைகள் அதே அளவுக்குத்தான் இருந்தன. தண்ணீர் குடித்த எலிக்கும் சாறு குடித்த எலிக்கும் வித்தியாசமே இல்லை. வெறும் தண்ணீர் குடித்து, கொழுப்பைத் தின்ற எலிக்கு ஈரல் எப்படி இவ்வளவு நன்றாக இருக்க முடியும்?

அவளுடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டியான கைடு மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டுப் போட்ட சத்தம் மாடி முழுக்கக் கேட்டது. வால் மை அழிந்திருக்கும், நீ மாற்றி மை வைத்திருப்பாய், நீலத்துக்கும் சாற்றைக் குடிக்க வைத்திருப்பாய், இத்தனை நாள் தூங்கிக்கொண்டே வேலை பார்த்தாயா என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டார். நான் மாத்தலை சார் என்ற ஒன்றைத் தவிர அவளால் எதுவும் சொல்ல முடியவில்லை. நம்பி வேலை கொடுக்க முடியாதவள் என்னிடம் வேண்டாம், அடுத்த வாரம் யோசித்துச் சொல்கிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டார். அவள் என் அறைக்கு வந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.

வாசலில் ஸ்டூலைப் போட்டு எலி மாமா உட்கார்ந்திருந்தார். ரிசல்ட்டுக்காகக் காலையிலிருந்து இரண்டு தடவை வந்து போயிருந்தார்.

"இலை வேலை செய்யலையா டாக்டரம்மா?"

"தெரியலை மாமா. நீல வாலுக்கும் கொழுப்பு குறைஞ்சிருக்கு. எனக்கு ஒண்ணுமே புரியலை."

"நீல வாலுக்குமா?" என்றார். எழுந்தார். ஸ்டூலை எடுத்து அதன் இடத்தில் வைத்தார். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லாமல் படியிறங்கிப் போனார். அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. தன் மருந்து போச்சே என்று இந்த மனுஷனுக்குக் கவலை, பெற்ற பெண் மாதிரி பழகியவள் அழுகிறாளே என்று ஒரு நிமிஷம் நிற்கக்கூட முடியவில்லையா என்று நினைத்தேன்.

மறுநாள் மாலை அவர் டீ குடிக்க வரவில்லை. அதற்கு அடுத்த நாள் மதியம், டாக்டரம்மா இல்லாத நேரமாகப் பார்த்து என் அறைக்கு வந்தார். சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தங்கச்சி, அந்தப் பொண்ணு எதையும் மாத்தலை. நான்தான்."

"நீங்க என்ன பண்ணீங்க?"

கூண்டு ஊற வைக்கிற பெரிய எஃகுத் தொட்டி ஒன்று அனிமல் ஹவுஸில் உண்டு. தினமும் சாயங்காலம் எல்லோரும் போன பிறகு அதைத் துடைத்து, மரத்தூள் போட்டு, நீல வால் எலிகளை எல்லாம் எடுத்து அதில் விட்டிருக்கிறார். அவை தொட்டிக்குள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடுமாம், சுவரில் ஏறி விழுமாம். இவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக்கொண்டு பார்ப்பாராம். இருட்டிய பிறகு ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் கூண்டில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவாராம்.

"ஏன் அண்ணே? சிவப்பு வாலை விட்டுட்டு அதுங்களை மட்டும் எதுக்கு?"

"சிவப்புக்குத்தான் மருந்து இருக்கே. இதுங்களுக்கு மருந்து கிடையாதுன்னு முடிவு பண்ணியாச்சு. ஒரு துணையாவது இருக்கட்டுமேன்னு நினைச்சேன்."

"ஓடினா கொழுப்பு குறையும்னு டாக்டர் உங்ககிட்ட படிச்சுப் படிச்சு சொன்னாரே!"

"அது எனக்குத்தானே சொன்னார். எலிக்கா சொன்னார்?"

"உங்களுக்கும் எலிக்கும் ஒரே வியாதின்னு என்கிட்ட வந்து சொன்னது யாரு?"

திட்டியது போதாது என்று எனக்கு இன்னும் இரண்டு வார்த்தை நாக்கின் நுனியில் இருந்தது. ஆனால் அந்த மாற்றிப் போட்ட பொத்தானைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன். இனி என்ன செய்யப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

"சொல்லாம இருந்தா அந்தப் பொண்ணு தலையில விழும். சொன்னா என்னை அனிமல் ஹவுஸ் பக்கமே விடமாட்டாங்க. அது போனா போகட்டும் தங்கச்சி." ஜன்னல் வழியாக அனிமல் ஹவுஸ் வாசல் படியைப் பார்த்தார். "அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு எங்கூட டீ குடிக்க வராது. அதான்."

வேறு எதற்கும் அவர் பயப்படவில்லை, இதற்குத்தான் பயந்தார். அவர் பொத்தானைச் சரியாகப் போட்டுக்கொண்டு கைடின் அறைக்குப் படியேறினார். நான் வெட்டும் கருவியை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் ரொம்ப நேரம் எந்தச் சத்தமும் இல்லை. அப்புறம் கைடின் குரல் மட்டும் கேட்டது. எலி மாமாவின் குரல் கடைசி வரை கேட்கவில்லை.

டாக்டரம்மாவின் மேல் இருந்த பழி நீங்கியது. ஆராய்ச்சியை முதலிலிருந்து மறுபடி செய்யலாம் என்று கைடு ஒப்புக்கொண்டார். அதாவது செடி பிடுங்குவதிலிருந்து எல்லாவற்றையும். அவள் அனிமல் ஹவுஸுக்குப் போனாள். எலி மாமா சாவியைக் கொக்கியிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தாராம். ஏன் மாமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். துணைக்காக என்று அவளிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. தெரியாம பண்ணிட்டேன்மா என்றாராம். அவள் திரும்பி வந்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு வருஷ உழைப்பை அடுத்தவர் இரக்கத்துக்குப் பறிகொடுத்தால் நானாக இருந்தால் அந்தக் கூண்டுகளைத் தூக்கி எறிந்திருப்பேன்.

அவரை வாசல் கேட்டுக்கு மாற்றினார்கள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு குடை, தூக்கி இறக்கும் கம்பி. அடையாள அட்டையைக் காட்டிவிட்டு எல்லோரும் போய்க்கொண்டே இருப்பார்கள், யாரும் நிற்க மாட்டார்கள். அனிமல் ஹவுஸுக்குப் புதிதாக வந்தவன் இரண்டு காதிலும் பாட்டை மாட்டிக்கொண்டு கூண்டு கழுவினான். டாக்டரம்மா பக்கவாட்டு வழியாக வந்து போக ஆரம்பித்தாள். அது சுற்று வழி. வெயிலில் சாக்கை இழுத்துக்கொண்டு அவள் அந்தப் பக்கமாக வருவதை அவர் கேட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருப்பார். எழுந்து போய் உதவலாமா வேண்டாமா என்று கால் இரண்டடி எடுத்து வைக்கும், பிறகு திரும்பி வந்து உட்கார்ந்துவிடுவார்.

மறுபடி ஸ்கேன் எடுத்தார். ஒன்றும் குறையவில்லை. சாறு குடிப்பதை நிறுத்திவிட்டேன் என்றார். வீட்டம்மாவிடமும் ஒரு வழியாகச் சொல்லிவிட்டாராம்.

"என்ன சொன்னாங்க?"

"அழுதா. இத்தனை நாள் ஏன் சொல்லலைன்னு கோவிச்சுக்கிட்டா. வரேன்னு சொன்னா. பேரனுக்குப் பரீட்சை முடியட்டும்னு நான்தான் சொன்னேன்." பிறகு ஏதோ தப்புச் செய்தவர் மாதிரி மெல்லச் சேர்த்துக்கொண்டார். "சரின்னுட்டா."

அதற்குப் பிறகு நடக்க ஆரம்பித்தார். வேலை முடிந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு மதில் சுவரை ஒட்டி ஒரு சுற்று, கட்டடத்தைச் சுற்றி ஒரு சுற்று. கையை வீசிக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, யாரோ துரத்துவது போல நடப்பார். அனிமல் ஹவுஸ் ஜன்னலைத் தாண்டும்போது மட்டும் வேகம் குறையும். நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது பார்த்துக் கை காட்டுவேன், அவரும் காட்டுவார். கூட நடக்கலாம் என்று நினைக்காமல் இல்லை, அதற்குள் பஸ் வந்துவிடும்.

மாசங்கள் போயின. இரண்டாவது ஆராய்ச்சிக்கு எலிகள் வந்து இறங்கிய வாரம், ஒரு சாயங்காலம் நான் கேட்டில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். அவர் நடப்பதற்காகச் செருப்பை மாற்றிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா உள்ளிருந்து நேராக எங்கள் பக்கம் வந்தாள். கையில் இரண்டு பேப்பர் கப். அவர் ஒற்றைச் செருப்போடு எழுந்து நின்றார்.

"மாமா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"சொல்லுங்கம்மா." டாக்டரம்மா என்று கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை என்பதை நான் கவனித்தேன்.

ஒரு கப்பை அவரிடம் நீட்டினாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"நீல வால் எலிங்களைத் தொட்டியில விட்டீங்களே, அப்போ அதுங்க என்ன பண்ணுச்சு? முதல் நாள்லேருந்து சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். சொல்லுங்கள் என்று தலையசைத்தேன்.

"முதல்ல ஓடவே இல்லைம்மா. இத்தனை நாள் தனியா இருந்ததுங்க இல்லையா, ஒண்ணை ஒண்ணு மோந்து பாத்துச்சு. அப்புறம் எல்லாம் ஒரே குவியலா ஒண்ணு மேல ஒண்ணு படுத்துத் தூங்கிடுச்சு. எனக்குத் தூக்கி கூண்டுல போடவே மனசு வரலை. நாலஞ்சு நாள் அப்படித்தான். அப்புறம்தான் விளையாட ஆரம்பிச்சு, ஓட ஆரம்பிச்சுது. ஓடி முடிச்சாலும் கடைசியில ஒண்ணா வந்துதான் படுக்கும்."

அவள் கப்பைக் கையில் உருட்டிக்கொண்டே யோசித்தாள். இந்தத் தடவை இலை மட்டும் இல்லை, மருந்தில்லாமல் இன்னும் இரண்டு கூட்டம் சேர்க்கப் போகிறாளாம். ஒன்று தனித்தனியாக ஓடவிடுகிற எலிகள். இன்னொன்று ஓடவிடாமல் சேர்த்து வைக்கிற எலிகள். கைடிடம் சண்டை போட்டு வாங்கியிருக்கிறாள்.

"ஏன்னா, அதுங்க ஓடினதால கொழுப்பு குறைஞ்சுதா, ஒண்ணா இருந்ததால குறைஞ்சுதான்னு எனக்குத் தெரியலை மாமா. நீங்க பக்கத்துலேயே இருந்து பாத்தீங்க. உங்களுக்கு என்ன தோணுது?"

என் பஸ் வளைவில் திரும்பி வந்துகொண்டிருந்தது. எலி மாமா டீயைக் குடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். மதில் ஓரமாக, தான் தினமும் நடக்கிற அந்த வெறும் பாதையை ஒரு தடவை பார்த்தார்.

"எனக்கும் தெரியலையேம்மா," என்றார். "கொஞ்சம் சீக்கிரம் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. நான் தனியாத்தான் நடக்கறேன்."